அக்டோபரில் கன்று போட்ட பசு

ஜனவரி 8, வியாழன்

மழை. முப்பத்தெட்டு பசுக்களும் கொட்டகைக்குள் நின்று என்னைப் பார்க்கின்றன, நான் அவற்றைப் பார்க்கிறேன். கறவை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. முதல் கன்று விழ இன்னும் இரண்டு வாரமாவது போக வேண்டும். வருடத்தில் வேலை குறைந்த மாதம் இதுதான். சும்மா இருக்கிறவனுக்குத்தான் நினைப்பு அதிகம்.

இந்த நாட்குறிப்பு மாட்டு மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. எந்தப் பசு எந்தத் தேதியில் கன்று போட்டது என்று இதில் எழுதுவது என் அக்கா ப்ரீடாவின் வேலை. இந்த வருடம் நான்தான் எழுத வேண்டும். அக்கா கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தக் கரைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது, எனக்கு அறுபத்தொன்று. அம்மாவும் அப்பாவும் போனபின் நாற்பது வருடம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மதியம் முட்டை. ராத்திரிக்கும் முட்டை.

ஜனவரி 11, ஞாயிறு

பூசையில் அவளைப் பார்த்தேன். மூன்று வரிசை முன்னால், புருஷன் மர்ட்டியின் பக்கத்தில் இருந்தாள். புதுக் கோட்டு, பச்சை. பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். என் ஷூவில் கயிறு கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறேன்? மர்ட்டி கெட்டவன் இல்லை. மனைவி செத்து ஒன்பது வருடம் தனியாக இருந்தவன். குடிக்க மாட்டான். அவன் வேலிகள் என் வேலிகளைவிட நன்றாக இருக்கின்றன. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

கல்யாணம் அக்டோபர் பதினெட்டு. அன்று காலை சூட்டு போட்டு, டை கட்டி, காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு, தபால் கொடுக்கிற ஹானா அந்தப் பக்கம் வந்தபோது கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்: "ஒரு பசு கன்னு போடுது. வர முடியாதுன்னு சொல்லிடு."

அக்டோபரில்.

இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், என் மாடுகள் ஜனவரி கடைசிக்கு முன்னால் கன்று போட்டதே இல்லை என்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நிமிடம்கூட நிற்கவில்லை. ஹானா கோயிலில் போய்ச் சொன்னதும் இரண்டு வரிசை சிரித்ததாம். ப்ரீடா சிரிக்கவில்லையாம். இன்றுவரை தீவனக் கடைக்குப் போனால் எவனாவது ஒருவன், "என்ன யூஜின், அக்டோபர் கன்னு நல்லா வளருதா?" என்கிறான்.

ஜனவரி 14

கடையில் பால் வாங்கினேன். முப்பத்தெட்டு மாடு வைத்திருப்பவன்.

ஜனவரி 22, வியாழன்

முதல் கன்று. தலைச்சன் கிடாரி ஒன்று, பத்து நாள் முந்திவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு கால் வெளியே வந்திருக்கிறது, பின்னங்கால்கள். கயிறு போட்டு இழுத்தேன். வந்தது. ஆனால் அசைவில்லை. மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தேன், தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் இல்லை. தேய்க்க ஒரு துண்டு வேண்டும். வீட்டில் துவைத்த துண்டு என்று ஒன்று எங்கே இருக்கிறது? ஓடிப்போய் சமையலறை அலமாரியின் கீழ் இழுப்பறையில் கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியை எடுத்து வந்து, முதுகு, விலா, நெஞ்சு என்று தோல் உரிகிற மாதிரித் தேய்த்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன்.

தும்மியது.

இவ்வளவுதான் எழுத முடிகிறது. இத்தனை வருடத்தில் அவ்வளவு ஜில்லென்று கிடந்த கன்று எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது கதவைத் திறந்தபின்தான் நினைவு வந்தது. "ப்ரீடா" என்று கூப்பிட்டும்விட்டேன்.

ஜனவரி 24, சனி

ஹானா வந்தாள். தபால் இல்லை. சும்மா வருகிறவள் இல்லையே என்று நினைத்தேன்.

"உங்க அக்கா ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கா," என்றாள். "அலமாரி கீழ் டிராயர்ல ஒரு வெள்ளைத் துணி இருக்காம். ஓரத்துல நீலத் தையல். அது வேணுமாம்."

"துணி வாங்க அவங்க வீட்டுல வக்கில்லையா?"

"பிரிஜித்தம்மா துணிப்பா. உனக்குத் தெரியாதா என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். வருடா வருடம் ஜனவரி கடைசி நாள் சாயங்காலம் ப்ரீடா எதையோ எடுத்துப் போய் வேலியோர முள்செடியில் போட்டுவிட்டு வருவாள். மறுநாள் புனித பிரிஜித்தம்மாவின் திருநாள்; அன்று ராத்திரி அவள் ஊர் முழுக்க நடந்து வருவாள், வெளியே கிடக்கிற துணியைத் தொட்டுவிட்டுப் போவாள், அந்தத் துணி அப்புறம் பிரசவத்துக்கு உதவும், மனுஷிக்கும் மாட்டுக்கும் என்பது இங்கே எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் அது எந்தத் துணி, என்ன ஓரம் என்று நான் ஒரு நாளும் பார்த்தது கிடையாது. நான் அப்போது அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

"ஆறு வருஷம் வெளியே கிடந்த துணியாம்," என்றாள் ஹானா. "இந்த வருஷம் போட்டா ஏழு. ஏழாவது ராத்திரியிலதான் முழு பலமாம். மர்ட்டி மக எய்லீஷுக்கு அடுத்த மாசம் பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்கு. ஏற்கனவே ரெண்டு தங்கல அந்தப் பொண்ணுக்கு. அதுக்குத்தான் கேக்கறா."

"துவைச்சா என்ன ஆகும்?"

"ஏன், துவைச்சுட்டியா?"

"சும்மா கேட்டேன்."

"துவைக்கவே கூடாதுன்னுவாங்க. யூஜின், துணி எங்க?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். துணி அப்போது கன்றுக் கொட்டகை ஆணியில் காய்ந்த சாணியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனபின் போய் எடுத்துப் பார்த்தேன். நீலத் தையல். ப்ரீடாவின் தையல்தான், சின்னச் சின்னதாக, ஒரே அளவில். அந்தப் பெண்ணுக்கு ரெண்டு தங்கல. நான் இதில் சளியும் சாணியும் துடைத்து வைத்திருக்கிறேன். யூஜின், நீயெல்லாம் ஒரு மனுஷனா?

ஜனவரி 25

துணியைத் துவைக்கவில்லை. அடுப்பு மேல் காயவைத்து, காய்ந்ததைப் பிரஷ்ஷால் தட்டினேன். கறை போகவில்லை. கன்று மட்டும் நான்கு கால் பாய்ச்சலில் குதிக்கிறது.

ஹானாவிடம் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் இந்தக் கோலத்திலா? நேரில் போய்ச் சொல்லலாம். என்னவென்று? "கல்யாணத்துக்கு வரல, உன் துணியையும் பாழாக்கிட்டேன்" என்றா?

ஜனவரி 27, செவ்வாய்

ஹானா மறுபடியும். இந்தத் தடவை அவள் குழுவின் தலைவியாக வந்தாள். முப்பத்தொன்றாம் தேதி பிரிஜித்தம்மா பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற கூட்டத்துக்கு அவள்தான் பன்னிரண்டு வருடமாகத் தலைவி. அக்கார்டியன் வாசிப்பவன் பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டானாம்.

"நீ வாசிக்கணும்."

"எனக்கு மாடு கன்னு போடுற நேரம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தப் பசுவுக்கு நாங்க ஆள் போட்டுக்கறோம்பா," என்றாள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு யோசனை வந்தது. கூட்டத்தில் எல்லாரும் உயரமான வைக்கோல் தொப்பி போட்டிருப்போம், அது முகத்தை மூடிக் கழுத்து வரை இறங்கும். உள்ளே இருக்கிறவர் வாய் திறக்கக் கூடாது. யார் யார் என்று வீட்டுக்காரர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"மர்ட்டி வீட்டுக்கும் போவீங்களா?"

"கடைசி வீடு அதுதான்."

அங்கே போவது, ஓர் ஓரமாக வாசிப்பது, துணியை மேசை மேல் வைப்பது, பேசாமல் வந்துவிடுவது. வருகிறேன் என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

மேட்டு வயலில் கோரை பிடுங்கி வந்தேன். அறுக்கக் கூடாது, பிடுங்கத்தான் வேண்டும். கட்டி வாசலில் வைத்தேன். அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாற்பது வருடம் இதை ப்ரீடா செய்தாள். கோரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவை மூன்று தடவை தட்டி, "மண்டி போடு, கண்ணைத் திற, பிரிஜித்தம்மாவை உள்ள விடு" என்பாள். உள்ளே இருந்து "வரட்டும், வரட்டும், நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்று சொல்வது என் வேலை. நான் மண்டி போட்டதே இல்லை. பாதி வருடங்களில் பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுத்ததில்லை. அப்புறம் அவள் உட்கார்ந்து அந்தக் கோரையில் சிலுவை முடைவாள், முட்டைக்கோஸ் போட்டு மசித்த கிழங்கின் நடுவில் குழி பறித்து வெண்ணெய் வைப்பாள்.

ஒரு ஆளால் செய்ய முடிகிற காரியம் இல்லை இது. வெளியே ஒருவர் வேண்டும், உள்ளே ஒருவர் வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு. காலை.

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்கு ஹானா வீட்டு முற்றத்தில் கூடினோம், பதினோரு பேர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் கலர் துணி, தலையில் தொப்பி. துணியை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன். பொம்மையை ஹானா தூக்கினாள். வெண்ணெய் கடைகிற மத்துக்கு டர்னிப் கிழங்கில் தலை செய்து, வெள்ளைப் பாவாடை கட்டி, நெஞ்சில் ஒரு கோரைச் சிலுவை. கிட்டத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அவள் அதைத் தோளில் சாய்த்ததும் யாரும் சிரிக்கவில்லை. நானும் தொப்பிக்குள்ளேயே தலையைக் குனிந்தேன்.

நான் இந்தக் கூட்டத்தோடு போனது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் உள்ளே உட்கார்ந்து, வந்தால் பார்ப்பேன், போனால் கதவைச் சாத்துவேன். வெளியே இருந்து பார்த்தால் அது வேறு. இருட்டில் நனைந்து நடந்து போகிறோம், ஒரு கதவு திறக்கிறது, வெளிச்சம் முழுவதும் நம் மேல் விழுகிறது, வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நமக்காக இல்லை, அந்த டர்னிப் தலைக்காரிக்காக. இடுப்பு உடைந்து மூன்று மாதமாகப் படுத்திருக்கிற ஜோ வாலண்டைன் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறைச்சி ஆலையில் வேலை செய்கிற பிரேசில் குடும்பத்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டு பொம்மையின் பாவாடையை முத்தமிட்டாள், அடுத்த நிமிடம் எங்களில் ஒருவனை இழுத்துவைத்து ஆடினாள். எந்த வீட்டிலும் ஒருவரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. இதை எங்கள் ஊர் இவ்வளவு காலம் எனக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு இந்த ஊரின் மேல் இவ்வளவு மரியாதை வரும் என்று நேற்று முன்தினம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கண்டுபிடிக்கிற விளையாட்டு. பெயர் சரியென்றால் தொப்பியைத் தூக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத ஆள் கடைசியில் தானே பெயரைச் சொல்ல வேண்டும். என்னை இரண்டாவது வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "தாளம் போடற அந்தக் கால் யூஜின் கால்தான்!"

அப்புறம் பாலம் தாண்டினோம்.

மர்ட்டி வீட்டுக் கதவை ப்ரீடாதான் திறந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள், அது எங்கள் வீட்டு ஏப்ரன். மர்ட்டி பின்னால் நின்றான். எய்லீஷ் அடுப்புப் பக்கம் நாற்காலியில் வயிற்றின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஹானா பொம்மையை அவள் மடியருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் வைத்தாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசித்தேன், என்ன வாசித்தேன் என்று தெரியாது. மேசை மேல் இடமே இல்லை, எங்கு பார்த்தாலும் கேக்கும் தட்டும்.

ப்ரீடா வரிசையாக வந்தாள். ஒவ்வொரு தொப்பியாக நின்று பார்த்துப் பெயரைச் சொன்னாள். பத்துக்குப் பத்தும் சரி. அப்புறம் என் முன்னால் வந்தாள். அக்கார்டியனைப் பார்த்தாள், அப்பா வாங்கின அக்கார்டியன். பூட்சைப் பார்த்தாள், அதை அவள்தான் போன வருடம் வாங்கிக் கொடுத்தாள். நிதானமாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இந்த ஆளை எனக்குத் தெரியாது," என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எனக்கு வேண்டியவங்க எல்லாரும் என் கல்யாணத்துக்கு வந்தாங்க. இவரு வரல. அப்போ இவரு யாரோ வெளியூர்க்காரர்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பேசாமல் வந்துவிடலாம் என்று போட்ட கணக்கெல்லாம் என்ன ஆயிற்று? அவள் தெரியாது என்றால் நான்தான் சொல்ல வேண்டும். அதுதான் விதி, அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

தொப்பியைத் தூக்கினேன். "யூஜின்," என்றேன். "உன் தம்பி."

"ஓ. அன்னைக்கு ஏன் வரல?"

"மாடு..." என்று ஆரம்பித்துவிட்டேன். பழக்கதோஷம்.

"அக்டோபர்ல?"

"மாடு இல்ல," என்றேன். "கார்ல உக்காந்துட்டேன், ப்ரீடா. டை எல்லாம் கட்டிட்டேன். நீ போயிட்டா அந்த வீட்டுக்குள்ள நான் எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியல. சாவியத் திருப்ப முடியல. அவ்வளவுதான்."

ஊரே நிற்கிறது. நான் சட்டைக்குள் கை விட்டுத் துணியை எடுத்து நீட்டினேன். அவள் விரித்தாள். கறையைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள்.

"கன்னுக்குட்டி வாடை."

"எனக்கு இதுதான் அந்தத் துணின்னு தெரியாது. பின்னங்கால் முன்னால வந்துது. மூச்சே இல்ல. இதை வெச்சுத் தேய்ச்சேன். துவைக்கல. ஹானா துவைக்கக் கூடாதுன்னா. கெட்டுப் போயிருந்தா..."

"பொழைச்சுதா?"

"என்ன?"

"டேய், கன்னு பொழைச்சுதா?"

"பொழைச்சுது. ஓடுது."

ப்ரீடா எய்லீஷைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்த பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்போ துணிக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் ப்ரீடா. "வேலை செய்யுதான்னு பாத்துட்டுக் கொண்டுவந்திருக்கான், என் தம்பி." அப்புறம் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். மர்ட்டி வந்து என் கையில் ஒரு விஸ்கியைத் திணித்து, "உக்காருப்பா, கிழங்கு ஆறுது" என்றான். நல்ல மனுஷன்தான். சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் அவளும் நானும் வெளியே போய்த் துணியை முள்செடி மேல் போட்டோம். காற்றில் பறக்காமல் இருக்க முள்ளில் எப்படிக் குத்துவது என்று எனக்குக் காட்டினாள். அவள் வேலையெல்லாம் இப்படித்தான், சத்தமே இல்லாமல் அதில் ஒரு நுணுக்கம் இருக்கும். நாற்பது வருடம் பேப்பர் படித்தேன்.

பிப்ரவரி 5

மூன்று கன்றுகள். தூக்கம் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மர்ட்டி போன் செய்தான். பேச வரவில்லை அவனுக்கு. போனை ப்ரீடா வாங்கி, "பொண்ணு. மூணு கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். தலையணைக்கு அடியில் துணி இருந்ததாம். நர்ஸ் இது என்ன வாடை என்று கேட்டாளாம்.

கொட்டகைக்குப் போய் அந்த முதல் கன்றிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 22, ஞாயிறு

பிள்ளையைப் பார்க்க மர்ட்டி வீட்டில் மதிய விருந்து, ஒரு மணிக்கு. சட்டை தேய்த்தேன், டை கட்டினேன். கிளம்பும்போது கொட்டகையை எட்டிப் பார்த்தால் வயதான செம்பசு படுத்து முக்குகிறது.

போன் செய்தேன். மர்ட்டி எடுத்தான்.

"வர முடியாது போல இருக்கு, மர்ட்டி. ஒரு பசு கன்னு போடுது."

அப்புறம் அவன் திரும்பி யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது, ஒரு வீடே சிரிப்பது கேட்டது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வைக்கோலில் மண்டி போட்டு, வலது கை முழங்கை வரை பசுவுக்குள் இருக்க, கன்றின் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெளியே கார் நிற்கிற சத்தம். கொட்டகைத் தகரக் கதவில் மூன்று தட்டு.

"மண்டி போடு, கண்ணைத் திற, பிரிஜித்தம்மாவை உள்ள விடு."

"வரட்டும்," என்றேன். "வரட்டும், வரட்டும், நம்ம வீட்டுக்கு வரட்டும்."

பச்சைக் கோட்டோடு, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். துணியைப் பசுவின் முதுகில் போட்டாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கன்றின் காலில் கட்டியிருந்த கயிற்றின் மறு நுனியைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

பிறகு சமையலறையில் கை கழுவிவிட்டு இந்த நாட்குறிப்பைக் கேட்டாள். முந்தைய பக்கங்கள் தெரியாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினேன். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

பிப்ரவரி 22. செம்பசு. கிடாரிக் கன்று, பகல் 1.10. நேரில் பார்த்த சாட்சி: ப்ரீடா.